திருச்செந்தூருக்கு எத்தனை விசை?

'திருச்செந்தூர்'. எங்கள் ஊர்ப் பெயர். இதைத் தட்டச்சு செய்ய எத்தனை விசை வேண்டும்? கேள்வி சின்னதுதான். ஆனால் இதற்குள் ஒரு வரலாறே இருக்கிறது.

முதலில் தட்டச்சுப்பொறி. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை என்று சொல்லப்படுகிறார். 247 எழுத்தையும் ஒரு சின்னப் பலகைக்குள் அடக்க வேண்டும். அதற்காகக் கொம்பு, கால், புள்ளி என்று எழுத்தை உடைத்துத் தனித்தனி விசைகளில் வைத்தார்கள். புள்ளியை அடித்தால் தாள் நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழே வந்து உட்காரும். அதனால் 'ர்' அடிக்க முதலில் புள்ளி, பிறகு ர. 'செ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு ச. அருமையான யோசனை! ஆனால் வாய் சொல்லும் வரிசை ஒன்று, விரல் அடிக்கும் வரிசை வேறு. பொறிக்கு ஏற்றபடி மனிதன்தான் மாற வேண்டியிருந்தது.

கணினிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எழுத்தின் வடிவத்தை அதுவே சேர்த்துக்கொள்ளும். இருந்தும் பழகிய கைகளுக்காகப் பல மென்பொருள்கள் தட்டச்சுப்பொறி வரிசையையே வைத்திருந்தன.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அதையொட்டி வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. 12 உயிரும் இடக்கைப் பக்கம். வ, ங தவிர மெய்கள் எல்லாம் வலக்கைப் பக்கம். இப்போது எங்கள் ஊர்ப் பெயரை அடித்துப் பாருங்கள்:

த, இ, ர, உ, ச, ச, எ, ந, த, ஊ, ர, புள்ளி.

மொத்தம் 12. பெயரில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன, நாம் அடித்தது ஒன்றுதான்! ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. பள்ளியில் படித்த இலக்கணத்தைப் பொறிக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

டொனால்ட் நார்மன் 1988-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் வலியுறுத்தினார்: ஒரு பொருளைப் பயன்படுத்தத் தடுமாறினால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், குறை வடிவமைப்பில் இருக்கலாம்.

சரி, இவ்வளவு நல்ல பலகை இருந்தும் என் நண்பர்களில் பெரும்பாலோர் ஏன் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறார்கள்? காரணம் முதல் ஐந்து நிமிடம். ஆங்கிலப் பலகை ஏற்கெனவே பழக்கம். தமிழ்99-ல் முதல் நாள் ஒவ்வொரு எழுத்தையும் தேட வேண்டும். நாளைக்குக் கிடைக்கும் சுகத்தைவிட இன்றைய சிரமம்தான் மனதுக்குப் பெரிதாகத் தெரியும். 'எளிமை' என்பது இரண்டு வகை: தொடங்க எளிது, தொடர எளிது. இரண்டும் ஒன்றல்ல.

இதில் ஓர் இழப்பும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே 'என்', ஒரே 'எல்'. ந, ன, ண எது, ல, ள, ழ எது என்பதை மென்பொருள் நீட்டும் பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். எழுத்து நம் நினைவிலிருந்து வரவில்லை, பட்டியலிலிருந்து வருகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். தமிழ்99-க்கு மாறிய முதல் வாரம் எரிச்சல்தான். இப்போது எங்கள் ஊர்ப் பெயரை அடிக்கும்போது தமிழிலேயே யோசிக்கிறேன்.

ஒரு வாரம் முயன்று பாருங்களேன். முதலில் உங்கள் ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குங்கள்.