பங்கிடப்படாத ஸவாது

ஹிஜ்ரி 16-ஆம் ஆண்டில் (கி.பி. 637) பாரசீகப் பேரரசின் தலைநகரான மதாயின் முஸ்லிம்களின் கைவசமாயிற்று. காதிஸிய்யாப் போர்க்களத்தின் வீரச் செய்திகளையும், கிஸ்ராவின் மாளிகையில் ஹலரத் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தொழுகை நடத்திய செய்தியையும் நம் இல்லங்களில் கேளாதவர் குறைவு. ஆனால் வெற்றிக்குப் பின் மதீனாவுக்கும் இராக்குக்கும் இடையே நடந்த ஒரு கடிதப் போக்குவரத்தைப் பற்றிப் பேசுவோர் மிகவும் அரிது. வாளோசை அடங்கியபின் எழுந்த அந்த விவாதம்தான் இக்கட்டுரையின் பொருள்.

டைகிரீஸ், யூஃப்ரடீஸ் என்னும் இரு நதிகளும் வளப்படுத்திய தென் இராக் சமவெளிக்கு அரபிகள் இட்ட பெயர் ஸவாது. ஸவாது என்றால் கருமை. பாலைவெளியிலிருந்து வருவோரின் கண்களுக்குத் தொலைவில் தெரிந்த பேரீச்சந் தோப்புகளின் அடர்ந்த பசுமை கருமையாகவே தோன்றியதால் அப்பெயர் வந்தது என்பர். அந்தக் கருமை நிலம் யாருக்கு? இதுவே கேள்வி.

படைவீரர்களின் பதில் தெளிவாக இருந்தது. போரில் கிடைத்த பொருளில் ஐந்தில் ஒரு பங்கு பொதுவுக்கு, எஞ்சிய நான்கு பங்கும் போரிட்டவர்களுக்கு என்பது திருமறை வகுத்த விதி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 7-இல் கைபரின் நிலத்தைப் பங்கிட்ட முன்மாதிரியும் கண்முன் இருந்தது. ஆகவே ஸவாதையும் பங்கிடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். இதைப் பேராசை என்று எளிதில் ஒதுக்கிவிடலாகாது. கேட்டவர்கள் குடும்பத்தைத் துறந்து உயிரைப் பணயம் வைத்தவர்கள். அவர்கள் கையில் சட்டமும் இருந்தது, முன்மாதிரியும் இருந்தது. அமீருல் மூமினீன் ஹலரத் உமர் (ரலி) அவர்கள் பக்கம் இருந்தவை ஒரு தயக்கமும், நாளையைப் பற்றிய ஒரு கணக்கும்தாம்.

அந்தக் கணக்கும் உடனே பிறந்துவிடவில்லை. தொடக்கத்தில் உமர் (ரலி) அவர்களே பங்கிட்டுவிட எண்ணியதாகவும், அதற்காகத் தலைக்கணக்கு எடுக்கச் சொன்னதாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எண்ணிப் பார்த்ததில் ஒரு வீரருக்கு மூன்று உழவர் வீதம் வந்தது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். விட்டுவிடுங்கள், அது முஸ்லிம்களுக்கு நிலையான ஆதாரமாக இருக்கட்டும் என்றார்கள் ஹலரத் அலீ (ரலி) அவர்கள். ஷாமின் ஜாபியாவில் ஹலரத் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் இன்னும் கூர்மையாகச் சொன்னார்கள்: பங்கிட்டால் பெரும் வருமானம் சிலர் கைக்குப் போகும், அவர்கள் மறைந்தபின் அது ஓர் ஆணிடமோ ஒரு பெண்ணிடமோ போய்ச் சேர்ந்துவிடும், பிறகு எல்லையைக் காக்க வருவோருக்கு எதுவும் மிஞ்சாது. சந்ததியற்ற பெரியப்பாவின் சொத்தும் மாமியின் சொத்தும் சுற்றிச் சுற்றி ஒரே வீட்டில் வந்து குவிவதைப் பார்த்திருக்கும் நமக்கு இந்த வாதத்தை விளக்கத் தேவையில்லை.

ஸஅத் (ரலி) அவர்களுக்கு மதீனாவிலிருந்து போன கட்டளையின் சாரத்தை இமாம் அபூ யூஸுஃப் தமது கிதாபுல் கராஜில் பதிவு செய்திருக்கிறார். படை கொண்டுவந்த கால்நடைகளையும் பொருள்களையும் வீரர்களுக்குப் பங்கிட்டுவிடுங்கள்; நிலத்தையும் நீர்க்கால்களையும் அங்கு உழைப்போரிடமே விட்டுவிடுங்கள்; இன்றிருப்போருக்கு மட்டும் பிரித்துக் கொடுத்தால் பின்னால் வருவோருக்கு ஒன்றும் இராது என்பது அது. அசையும் பொருள் வேறு, அசையாப் பொருள் வேறு என்று பிரித்துப் பார்த்ததில்தான் முடிச்சு அவிழ்ந்தது.

ஆனால் மதீனாவில் எதிர்ப்பு மூண்டது. எதிர்த்தவர்கள் சாமானியர் அல்லர். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி), பிலால் (ரலி) போன்ற முன்வரிசைத் தோழர்கள். எங்கள் வாள்கள் ஈட்டித் தந்ததை, இங்கே இல்லாதவர்களுக்கும் இன்னும் பிறக்காதவர்களுக்கும் ஒதுக்குவது எப்படி நியாயமாகும் என்று அவர்கள் கேட்டார்கள். ஷாம் நிலங்களைப் பற்றிய விவாதத்தில் பிலால் (ரலி) அவர்களின் வேகம் தாங்காமல், அவரையும் அவருடைய தோழர்களையும் சமாளிக்க இறைவனிடம் உமர் (ரலி) அவர்கள் உதவி வேண்டினார்கள் எனப்படுகிறது. பேரரசுகளை நடுங்கவைத்த ஒரு கலீஃபா, முன்பு அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவரின் வாதத்துக்கு முன் துஆச் செய்து நிற்கிறார்! அவரை அதட்டவில்லை, சபையைவிட்டு அனுப்பவும் இல்லை.

முஹாஜிர்களிடையே கருத்து இரண்டாகப் பிரிந்து நின்றதால், உமர் (ரலி) அவர்கள் அன்ஸாரிகளில் பத்துப் பேரை அழைத்தார்கள்: அவ்ஸ் கிளையில் ஐவர், கஸ்ரஜ் கிளையில் ஐவர். இந்த ஐந்துக்கு ஐந்து கணக்கு தற்செயலானதன்று. இரு கிளைக்கும் பழம்பகை உண்டு. ஒன்றை மட்டும் அழைத்திருந்தால் மற்றது அத்தீர்ப்பைத் தன் தீர்ப்பாக ஏற்றிராது. அவர்களிடம், நானும் உங்களில் ஒருவனே. எனக்கு உடன்பட்டோரும் உண்டு, மாறுபட்டோரும் உண்டு. என் விருப்பத்தை நீங்கள் பின்பற்ற வேண்டும் என்பதல்ல என் நோக்கம் என்ற கருத்தில் அவர்கள் பேசினார்கள். இரண்டு மூன்று நாட்கள் இவ்வாறு விவாதம் நீண்டது. முடிவில் அவர்களுக்கு ஆதாரம் கிடைத்தது ஸூரத்துல் ஹஷ்ரில். செல்வம் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றிவரக் கூடாது என்பதையும், முஹாஜிர், அன்ஸார் ஆகியோருக்குப் பின்னால் வருவோரையும் சேர்த்துக் கூறும் அந்த வசனத் தொடரைச் சுட்டிக் காட்டியபின் சபை இணங்கியது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் சாண்ட்லர் 1962-இல் டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ் முதலிய பெருநிறுவனங்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். எத்திசையில் செல்வது என்று நிறுவனம் முதலில் தீர்மானிக்கிறது, அதன் அலுவலக அமைப்பு அத்தீர்மானத்தைப் பின்தொடர்ந்து உருவாகிறது என்பது அவர் கண்ட முடிவு. நிர்வாகவியல் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் இம்முடிவுக்கு ஸவாது ஒரு பழைய எடுத்துக்காட்டு. நிலத்தைப் பங்கிட்டிருந்தால் மதீனாவுக்கு அலுவலகமே தேவைப்பட்டிராது. பங்கிடுவதில்லை என்று தீர்மானித்த மறுகணம் நிலத்தை அளக்க ஆள் வேண்டும், தீர்வை விதிக்க விகிதம் வேண்டும், வந்த பணத்தைப் பகிர்ந்தளிக்கப் பெயர்ப் பதிவேடு வேண்டும்.

அளக்கும் பணிக்கு அறிவும் அனுபவமும் உள்ள ஒருவர் யார் என்று சபையைக் கேட்டார்கள் உமர் (ரலி) அவர்கள். சபை காட்டியவர் உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி). ஹுதைஃபா (ரலி) அவர்களும் இப்பணியில் ஈடுபட்டார்கள். அளந்த பரப்பு 3 கோடியே 60 லட்சம் ஜரீப் என்று அபூ யூஸுஃப் தருகிறார். ஒரு ஜரீப் அரை ஏக்கருக்கும் குறைவு. விகிதங்களில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. ஓர் அறிவிப்பின்படி ஜரீப் ஒன்றுக்குக் கோதுமைக்கு 4 திர்ஹம், வாற்கோதுமைக்கு 2, திராட்சைக்கு 10. பயிருக்கு ஏற்பத் தீர்வை என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஊர்களில் வசூல் பழைய பாரசீகக் கிராமத் தலைவர்களான திஹ்கான்களிடமே விடப்பட்டது. கணக்குகள் பஹ்லவி மொழியிலேயே தொடர்ந்தன. அவை அரபிக்கு மாறியது உமையாக்களின் காலத்தில், ஹஜ்ஜாஜின் ஆளுகையில்தான். தெரிந்தவனிடம் வேலையை விட்டுவைக்கும் இந்தத் துணிவு வெற்றி பெற்றவர்களிடம் அபூர்வம்.

பதிவேட்டுக்கு திவான் என்று பெயர். ஹிஜ்ரி 20-இல் அது அமைக்கப்பட்டது என்பது பரவலான கருத்து. அகீல் (ரலி), மக்ரமா (ரலி), ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய வமிசாவளி அறிந்த மூவர் அதை எழுதினர். ஹாஷிம் குலத்தை முதலிலும், அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரின் குலங்களை அடுத்தடுத்தும் எழுதிக்கொண்டு போனபோது, உமரை அவருக்குரிய இடத்தில் வையுங்கள் என்று சொல்லி, நாயகம் (ஸல்) அவர்களுக்கு உறவில் நெருங்கியோரின் வரிசையிலேயே மாற்றி எழுதச் செய்தார்கள் கலீஃபா. பத்ருப் போரில் கலந்தவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் என்று வகுக்கப்பட்டது. அந்த திவான் என்ற சொல் பாரசீகத்தையும் மொகலாயரையும் கடந்து நம் புதுக்கோட்டை, திருவிதாங்கூர் அரண்மனைகள் வரை வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டு உழவர் நாவில் புழங்கும் கிஸ்தி, வசூல், மிராசு எல்லாமே அரபு வேர்கொண்ட சொற்கள் என்பதையும் இடையில் சொல்லி வைக்கலாம்.

தீர்மானம் நிறைவேறியதில் ஓர் இடையூறு உண்டு. பஜீலா குலத்தார்க்கு ஸவாதில் நான்கில் ஒரு பங்கு முன்னரே தரப்பட்டு, அவர்கள் அதை இரண்டு மூன்று ஆண்டுகள் அனுபவித்தும் வந்தார்கள். அதைத் திருப்பித் தருமாறு உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது குலத்தலைவர் ஜரீர் (ரலி) இணங்கினார். உம்மு குர்ஸ் என்ற பெண்மணி இணங்கவில்லை. என் தந்தை மாண்டார். அவர் பங்கு உறுதியான பங்கு. சிவப்பு விரிப்புப் போட்ட சாதுவான ஒட்டகத்தில் என்னை ஏற்றி, என் கைநிறையப் பொன் தந்தாலன்றி விடமாட்டேன் என்றார். கலீஃபா அவ்வாறே ஒட்டகத்தையும் ஏறத்தாழ 80 தீனார்களையும் கொடுத்தார்கள். பொதுநலம் என்ற பெயரால் ஒருவருடைய உரிமையை எடுக்கும்போது அதற்கு விலை உண்டு என்பதை அப்பெண்மணியும் அறிந்திருந்தார், உமர் (ரலி) அவர்களும் அறிந்திருந்தார்கள்.

இத்திட்டம் குறையற்றது என்று நான் வாதிடவில்லை. கிஸ்ராவின் சொந்த நிலங்களாக இருந்து பொதுவுக்கு வந்த ஸவாஃபி, பிற்காலத்தில் பெரும் பூசலுக்கு வித்தாயிற்று. ஹலரத் உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில், ஸவாது குறைஷிகளின் தோட்டம் என்று கூஃபாவின் ஆளுநர் ஒரு சபையில் சொன்னதாக எழுந்த பேச்சே அந்நகரைக் கொந்தளிக்க வைத்தது. திவானில் முந்தியோர் பிந்தியோர் என வைத்த ஏற்றத்தாழ்வைப் பற்றி உமர் (ரலி) அவர்களே இறுதிக் காலத்தில், அடுத்த ஆண்டுவரை வாழ்ந்தால் அனைவரையும் சமமாக்குவேன் என்று கூறியதாக அறிவிப்பு உண்டு. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய அபூ யூஸுஃப், நிலையான தீர்வையை நிலம் தாங்கவில்லை, விளைச்சலில் வாரம் வாங்குவதே முறை என்று பரிந்துரைத்தார். உமர் (ரலி) அவர்களின் விகிதத்தை மாற்றியும் அவர்களின் நோக்கத்தைக் காக்கலாம் என்று கண்ட அந்த இமாமின் துணிவும் பாராட்டத் தக்கதே.

ஆண்டுதோறும் கராஜ் பணம் வந்து சேரும்போது கூஃபாவாசிகள் பத்துப் பேரும் பஸராவாசிகள் பத்துப் பேரும் மதீனாவுக்கு வந்து, இது எவர்மீதும் அநீதி இழைத்து வசூலித்ததன்று என்று ஆணையிட்டுச் சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தையும் உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்தியிருந்தார்கள். அவர்களின் இறுதிக் காலத்தில் கூஃபாப் பகுதியின் கராஜ் மட்டும் 10 கோடி திர்ஹத்தை எட்டியது என்கிறார்கள்.

அவ்வளவு பணம் வந்தும் அவர்கள் மனம் நிம்மதி கொள்ளவில்லை. ஹிஜ்ரி 23-இல் (கி.பி. 644) மதீனாவில் ஒருநாள் ஹுதைஃபா (ரலி), உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) இருவரையும் நிறுத்தி, நிலம் தாங்க முடியாத சுமையை அதன்மேல் ஏற்றிவிட்டீர்களோ என்று கேட்டார்கள். தாங்கக் கூடியதையே விதித்தோம் என்றார்கள் இருவரும். இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள் என்றார்கள் கலீஃபா. இல்லை என்று மீண்டும் பதில் வந்தது. அல்லாஹ் எனக்கு ஆயுளைத் தந்தால், எனக்குப் பின் இராக்கின் விதவைகள் எந்த மனிதனிடமும் கையேந்தாத நிலையில் அவர்களை விட்டுச் செல்வேன் என்றார்கள். இதை அறிவிக்கும் ஸஹீஹுல் புகாரி, அதன்பின் நான்கு நாட்களே கழிந்தன, அதற்குள் அவர்கள் குத்தப்பட்டார்கள் என்று தொடர்கிறது.