சீட்டில் பெயர் விழுந்தவர் கட்டிய ஓட்டல்

நியூ ஜெர்சியின் தென்கோடியில், அட்லாண்டிக் கரையில் இருக்கிறது கேப் மே. விக்டோரியா காலத்து மரவீடுகளுக்காகவே ஊர் முழுவதையும் 1976-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். அங்கே 1876-ல் கட்டிய சால்ஃபோன்ட் ஓட்டலில் ஒரு கோடையில் தங்கினேன். அப்போது அங்கே ஏசி கிடையாது. அறைக்கதவில் சாய்வாக மரச்சட்டங்கள் கோத்திருக்கும். கதவைச் சாத்திய பிறகும் கடற்காற்று உள்ளே வரும். மாலையானால் விருந்தாளிகள் எல்லோரும் நீளமான திண்ணையில் ஆடும் நாற்காலிகளுக்கு வந்துவிடுவார்கள்.

கட்டியவர் ஹென்றி சாயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கத்துக் குதிரைப்படை கேப்டன். 1863 ஜூனில் பிராண்டி ஸ்டேஷன் சண்டையில் காயம்பட்டுப் பிடிபட்டார். ரிச்மண்டில் லிபி சிறையில் அடைத்தார்கள். தெற்கின் கேப்டன்கள் இருவரை வடக்கு கொன்றிருந்தது. அதற்குப் பழியாக இருவரைக் கொல்வதென்று, ஜூலை 6 அன்று சிறையிலிருந்த கேப்டன்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள். விழுந்த இரண்டு பெயர்களில் ஒன்று சாயருடையது.

மனைவிக்குக் கடிதம் எழுத அனுமதி கிடைத்தது. கடிதம் வந்ததும் அந்த அம்மாள் அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை, நேரே வாஷிங்டன் போய் லிங்கனைப் பார்த்தார். தெற்கின் தளபதி ராபர்ட் லீயின் மகன் வில்லியம் லீயும் அதே சண்டையில் காயம்பட்டு, பின்னர் வடக்கின் கையில் சிக்கியிருந்தார். சாயரைத் தொட்டால் லீயின் மகனும் தூக்கில் தொங்குவான் என்று தெற்குக்குச் சொல்லி அனுப்பினார்கள். தண்டனை நிறைவேறவில்லை. 1864-ல் இருவரையும் கைமாற்றிக்கொண்டார்கள். அந்தப் பெண் கிளம்பிப் போகாதிருந்தால் இந்தத் திண்ணையும் இல்லை என்றே நான் நம்புகிறேன்.

1878 நவம்பரில் பெருந்தீ, ஊரின் பெரிய ஓட்டல்கள் பலவற்றைச் சாம்பலாக்கியது. சால்ஃபோன்ட் தப்பித்தது.

பிற்பாடு இது சாட்டர்ஃபீல்ட் குடும்பத்தின் கைக்கு வந்தது. அவர்கள் ரிச்மண்டுக்காரர்கள்! சாயர் சாவை எதிர்பார்த்துக் கிடந்த ஊரிலிருந்து வந்தவர்கள், அவர் ஓட்டலைப் பல தலைமுறைக் காலம் நடத்தினார்கள். கோடைதோறும் அங்கிருந்தே வேலையாட்களும் வந்தார்கள். அப்படி ஒரு கறுப்பினக் குடும்பத்தில், தாய் இங்கே வேலை பார்க்க, கூடவே வந்த சிறுமி ஹெலன் டிக்கர்சன். வளர்ந்து இந்தச் சமையலறைக்கே தலைவியானார். அவர் பொரித்த கோழிக்காகவே ஆண்டுதோறும் அதே அறையைக் கேட்டு வந்தவர்கள் உண்டு.

ஓட்டலின் கதையைக் கேட்டால் எல்லோரும் கேப்டனில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கட்டிவிட்டுப் போனவர் அவர். விருந்தாளியைத் திரும்பத் திரும்ப வரவைத்தது ஹெலனின் கை. அவருக்குப் பிறகு அந்த அடுப்படியைப் பார்த்துக்கொண்டவர்கள் அவருடைய மகள்கள் இருவர்.