ஏர்ணி கோவாக்ஸ்: காற்றோடு போகவிருந்த சிரிப்பு



எழுத்தால் சிரிக்க வைத்தவனைப் புத்தகம் காப்பாற்றி வைக்கிறது. திரையில் சிரிக்க வைத்த சார்ளி சப்ளினைப் படச்சுருள் காப்பாற்றியது. ஆனால் ஒலி அலைகளையும் ஒளி அலைகளையும் நம்பித் தன் கலையை வளர்த்தவனை யார் காப்பாற்றுவது? வானொலியில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி சற்று நெருக்கமானது. பேசி முடித்ததும் பேச்சு காற்றோடு கலந்துவிடுகிறது. நல்லவேளையாக இந்த உரை பத்திரிகையிலும் அச்சாகிறது. அந்தக் கொடுப்பினை வாய்க்காமல் போகவிருந்த ஒரு கலைஞனைப் பற்றியே இன்று சொல்லப் போகிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஆரம்ப நாட்களில் வாழ்ந்த நகைச்சுவையாளர் ஏர்ணி கோவாக்ஸ் தான் அவர்.

அவரது புதுமை விளங்க வேண்டுமானால் அந்த நாட்களின் தொலைக்காட்சி எப்படியிருந்தது என்பதைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான் அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சிப் பெட்டி பரவலாக நுழைந்தது. 1948 ஆம் ஆண்டு என்.பி.சி. நிறுவனத்தின் 'டெக்சாக்கோ ஸ்டார் தியேட்டர்' நிகழ்ச்சியில் மில்ட்டன் பேர்ள் தோன்றினார். ஆட்டம், பாட்டு, வித்தை, கோமாளித்தனம் எல்லாம் கலந்த கதம்ப மேடையிலே சிறு வயது முதல் ஊறியவர் அவர். பெண் வேடம் போட்டுக்கொண்டு வருவார். முகத்தில் மாவை வாங்கிக்கொள்வார். மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'மிஸ்டர் டெலிவிஷன்' என்றே அவருக்குப் பெயர் வந்தது. 1951 இல் என்.பி.சி. அவரை 30 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது.

1950 முதல் 1954 வரை சனிக்கிழமை இரவுகளில் ஒன்றரை மணி நேரம் நேரடியாக ஒளிபரப்பான 'யுவர் ஷோ ஒவ் ஷோஸ்' நிகழ்ச்சியில் சிட் சீசர் கோலோச்சினார். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகிய மொழிகளின் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கும் பொருளில்லாமல் மணிக்கணக்கில் பேசக்கூடிய வித்தகர் அவர். பிற்காலத்தில் நாடகாசிரியராகப் புகழ்பெற்ற நீல் சைமனும், திரைப்பட இயக்குநர் மெல் புரூக்ஸும் அவருக்கு எழுதிக்கொடுத்தவர்களே.

இவர்கள் பெரிய கலைஞர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவர்களுடைய கலை பெரும்பாலும் மேடைக் கலை. கமெரா அந்த மேடைக்கு முன்னே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கமெராவையே கோமாளியாக்கிய பெருமை கோவாக்ஸைச் சாரும்.

நோயாளிக்குக் கிடைத்த வானொலி

1919 ஜனவரி 23 ஆம் திகதி நியூ ஜேர்சி மாநிலத்து ட்ரென்டன் நகரில், ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய குடும்பமொன்றில் ஏர்ணி பிறந்தார். நாடகம் பயிலச் சென்ற இளைஞரை, இருபது வயதளவில் நிமோனியாவும் நுரையீரல் உறை அழற்சியும் படுக்கையில் வீழ்த்தின. பிழைப்பது அரிது என்று வைத்தியர்கள் கருதினார்களாம். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் ஆஸ்பத்திரிகளிலேயே கழிந்தன. பக்கத்துக் கட்டில் நோயாளிகளையும் வைத்தியர்களையும் சிரிக்க வைப்பது அங்கே அவருக்குப் பொழுதுபோக்காயிற்று. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு வானொலிப் பெட்டி அவரது கட்டிலருகே இருந்தது. அதில் நாள் முழுதும் மேலைச் சாஸ்திரீய இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த இசைப் பழக்கம் பின்னர் என்ன வடிவம் எடுத்தது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

உடல் தேறியதும் ட்ரென்டன் நகர வானொலி நிலையத்தில் அறிவிப்பாளரானார். உள்ளூர்ப் பத்திரிகையிலும் ஒரு பத்தி எழுதினார். 1950 இல் பிலடெல்பியா தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தது 'திறீ டு கெட் றெடி' என்ற காலை நிகழ்ச்சி. காலை வேளையில் யார் தொலைக்காட்சி பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்த காலம் அது. ஆகவே பணமும் கொடுக்கவில்லை, கட்டுப்பாடும் விதிக்கவில்லை. கையில் அகப்பட்டதை வைத்துக்கொண்டு கோவாக்ஸ் கூத்தடித்தார். எதிர்பாராத விதமாக மக்கள் விழித்தெழுந்து பார்க்கத் தொடங்கினார்கள். இந்த வெற்றியைக் கண்ட என்.பி.சி., 1952 இல் நாடு முழுவதற்குமான 'டுடே' என்ற காலை நிகழ்ச்சியைத் துணிந்து ஆரம்பித்தது. வழியைத் திறந்தவர் கோவாக்ஸ். ஆனால் அந்தப் புதிய நிகழ்ச்சி அவரிடம் கொடுக்கப்படவில்லை.

சாய்ந்த மேசை

கோவாக்ஸ் பெரும்பாலும் பார்வையாளர்களை நிலையத்துக்குள் அழைப்பதில்லை. அதற்குக் காரணமிருந்தது. அவருடைய வேடிக்கைகள் அந்தக் கூடத்தில் நடப்பவை அல்ல. சின்னத்திரையில் மட்டுமே நடப்பவை. ஓர் உதாரணம் சொல்கிறேன். கறுப்புத் திரைக்கு முன்னால் நிற்கும் ஒரு நடிகையின் தலையில் கறுப்புத் துணித் துண்டொன்றை ஒட்டிவிடுவார். ஒரு கமெரா அவரைப் படம்பிடிக்கும். இன்னொரு கமெரா கோவாக்ஸைப் படம்பிடிக்கும். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக இட்டால், நடிகையின் தலையில் துளை விழுந்து, அதன் வழியே கோவாக்ஸின் கண் எட்டிப் பார்ப்பது போலத் தெரியும்! கூடத்திலிருப்பவருக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வீட்டிலிருப்பவருக்கோ அது அதிசயம்.

அவரது புகழுக்கு உச்சமாக அமைந்தது 1957 ஜனவரி 19 ஆம் திகதி நிகழ்ச்சி. அன்று ஜெரி லூயிஸ் என்ற பிரபல நடிகருக்கு என்.பி.சி. ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தது. அவரோ ஒரு மணி நேரம் போதும் என்றுவிட்டார். அந்தப் பெரிய நடிகருக்குப் பின்னால் வந்து தோற்றுப்போக யாரும் விரும்பாத எஞ்சிய அரை மணி நேரத்தைக் கோவாக்ஸ் ஏற்றுக்கொண்டார். அந்த அரை மணியில் அவர் ஓர் உரையாடலும் இல்லாமல் நிகழ்ச்சி நடத்தினார். எல்லோரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஒரு சாதனத்தில் மௌனத்தை வைத்தது எவ்வளவு பெரிய துணிச்சல்!

அதில் வருபவன் யூஜீன் என்ற அப்பாவி. மேசையில் அமர்ந்து, மதிய உணவுப் பெட்டியைத் திறக்கிறான். ஒலிவ் காய்களை எடுத்து வைக்கிறான். அவை தாமாகவே உருண்டோடுகின்றன. குடுவையிலிருந்து பாலை ஊற்றுகிறான். பால் நேரே கீழே விழாமல் பக்கவாட்டில் சாய்ந்து, கோப்பையைத் தவறவிடுகிறது. பார்ப்பவர்க்கு மேசை சமமாகத்தான் தெரிகிறது. உண்மையில் மேசையையும் அரங்கையும் ஒரு பக்கமாகச் சாய்த்து, கமெராவையும் அதே அளவுக்குச் சாய்த்திருந்தார்கள். உலகம் கோணியிருக்கிறது, அதைப் பார்க்கும் கண்ணும் அதே கோணத்தில் கோணியிருக்கிறது, ஆகவே எல்லாம் நேராக இருப்பதாக நாம் நம்புகிறோம். யூஜீனுக்கு மட்டும் பால் சிந்துகிறது. இதை வெறும் தந்திரம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

1961 இல் ஏ.பி.சி. நிறுவனத்துக்காக யூஜீனை மீண்டும் படைத்தார். இலக்கிய அன்பர்கள் ரசிக்கக்கூடிய ஒரு கட்டம் அவனுடைய உலகில் உண்டு. அங்கே புத்தகத்தைத் திறந்தால் அதற்குள்ளிருந்து சத்தம் வரும். இளைய அலெக்ஸாண்டர் டூமாவின் 'கமீல்' கதையைத் திறக்கிறான். ஓர் இருமல் கேட்கிறது! அந்தக் கதையின் நாயகி காசநோயால் இறந்தவள் என்பதை அறிந்தவர்களுக்கே அந்தச் சிரிப்பு முழுதாகக் கிடைக்கும். தொலைக்காட்சியில் கவிதை வாசிக்கும் கவிஞர்களைக் கேலிசெய்ய அவர் படைத்த பேர்சி டவ்டன்சில்ஸ் என்ற பாத்திரமும் நமக்குரியதே. கண்ணாடி வில்லைகளின்மேல் கண்களை வரைந்துகொண்டு, அசட்டுக் கவிதைகளை நெகிழ்ந்து நெகிழ்ந்து வாசிப்பார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட இசையும் வீண்போகவில்லை. சைக்கோவ்ஸ்கியின் '1812' இசைக்கு அலுவலக மேசை இழுப்பறைகள் அடித்து மூடுகின்றன. செலரித் தண்டுகள் தாளம் தவறாமல் ஒடிகின்றன. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனிக்குச் சிலர் சீட்டாடுகிறார்கள். 'அன்னப் பொய்கை' நடனத்தைக் கொரில்லாக்கள் ஆடுகின்றன. இசையைக் கண்ணால் பார்க்கச் செய்த இந்த முயற்சிகள், பல ஆண்டுகள் கழித்து வந்த இசை ஒளிப்படங்களுக்கு முன்னோடி எனலாம்.

கமெராவைக் கொண்டே சிரிக்க வைப்பதில் முதல்வர் கோவாக்ஸ் என்று சொன்னால் அது பிழை. மௌனப் படக் காலத்தில் பஸ்டர் கீட்டன் இதைச் செய்து காட்டியிருக்கிறார். அந்த மரபைப் புதிய கருவிக்குக் கொண்டுவந்தவர் கோவாக்ஸ். அவருடைய எல்லா வேடிக்கைகளும் பலிக்கவுமில்லை. சில நீண்டு சலிப்பூட்டின. பெருந்தொகையான மக்கள் அவரைத் தொடர்ந்து பார்க்கவுமில்லை. என்.பி.சி., சி.பி.எஸ்., டூமொன்ற், ஏ.பி.சி. என்று நிறுவனம் நிறுவனமாக அவர் அலைந்ததற்கு அதுவே காரணம். தொலைக்காட்சி உலகைக் கிண்டல் செய்து 1957 இல் 'சூமர்' என்ற நாவலை எழுதினார். கிரஹாம் கிறீனின் 'அவர் மேன் இன் ஹவானா' 1959 இல் படமானபோது அதில் பொலிஸ் கப்டன் செகுராவாக நடித்தவரும் அவரே.

அழிந்ததும் எஞ்சியதும்

1962 ஜனவரி 13 ஆம் திகதி. மில்ட்டன் பேர்ள் தம்பதியர் தத்தெடுத்த குழந்தைக்காக நடந்த விருந்திலிருந்து, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மழையில் நனைந்த வீதி வழியே கோவாக்ஸ் தனியாகக் காரோட்டி வந்தார். கார் கட்டுப்பாட்டை இழந்து மின்கம்பத்தில் மோதியது. அவர் அவ்விடத்திலேயே இறந்தார். வயது 42. முன்னரே பதிவாகியிருந்த கடைசி நிகழ்ச்சி ஜனவரி 23 ஆம் திகதி ஒளிபரப்பானது. அன்று அவருடைய பிறந்தநாள்.

அவர் விட்டுச்சென்றது பல இலட்சம் டொலர் வரிக்கடன். மனைவி ஈடி அடம்ஸ் தேர்ந்த பாடகி, நடிகை. நண்பர்கள் நிதி திரட்டித் தர முன்வந்தபோது அதை மறுத்து, தானே உழைத்துக் கடனை அடைத்தார். அப்போதுதான் இன்னொரு பேரிழப்பு நடந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிய வந்தது. தொலைக்காட்சி நிறுவனங்கள் தம் கணவரின் நாடாக்களை அழித்துக்கொண்டிருந்தன!

இதில் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை. 1956 இல் அறிமுகமான ஒளிப்பதிவு நாடா விலையுயர்ந்த பொருள். ஒன்றை அழித்துவிட்டு அதன்மேல் இன்னொன்றைப் பதியலாம். நேற்றைய நகைச்சுவையை இன்று யார் கேட்கப் போகிறார்கள் என்பது கணக்கர்களின் எண்ணம். அதே காலத்தில், 1951 இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரை லூசில் போலும் அவரது கணவர் டெசி ஆர்னஸும் படச்சுருளில் மூன்று கமெராக்களால் எடுத்தார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அந்தச் சுருள்களின் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். அதனால் லூசி தலைமுறை தலைமுறையாகச் சிரிக்க வைத்தாள். கலையின் தரம் ஒருபுறமிருக்க, சுருள் யாருக்குச் சொந்தம் என்பதும் ஒரு கலைஞனின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ஈடி அடம்ஸ் காப்புறுதிப் பணத்தையும் தன் உழைப்பையும் கொண்டு, எஞ்சியிருந்த பதிவுகளின் உரிமையை விலைக்கு வாங்கினார். தன் கணவனின் சிரிப்பை ஒரு பெண் கடைக்குப் போய் வாங்குவதுபோல் வாங்க வேண்டியிருந்தது. 1996 இல் கொங்கிரஸ் நூலகம் நடத்திய விசாரணையில் அவர் சாட்சியமளித்தார். டூமொன்ற் நிறுவனத்தின் பழைய பதிவுகள் 1970 களின் ஆரம்பத்தில் மூன்று லொறிகளில் ஏற்றப்பட்டு நியூயோர்க் குடாவில் கொட்டப்பட்டதாக அங்கே கூறினார். அவற்றுள் கோவாக்ஸ் அந்த நிறுவனத்துக்காக ஆக்கிய நிகழ்ச்சிகளும் இருந்திருக்கும். 2008 இல் ஈடி அடம்ஸ் காலமானார். அவர் சேர்த்த தொகுப்பு 2015 இல் கொங்கிரஸ் நூலகத்தைச் சென்றடைந்தது.

எஞ்சியது சிறிதே. ஆனாலும் அது வீணாகவில்லை. 1968 இல் அமெரிக்காவைக் கலக்கிய 'லாஃப் இன்' நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ஜோர்ஜ் ஷ்லாட்டர், கோவாக்ஸ் குழுவில் நடித்த ஜோலின் பிரான்டின் கணவர். அந்த நிகழ்ச்சியின் துண்டு துண்டான வேகத்தில் கோவாக்ஸின் சாயல் தெரிகிறது. 1976 இல் எமி விருது பெற்ற நகைச்சுவை நடிகர் செவி சேஸ், மேடையிலே கோவாக்ஸுக்கு நன்றி சொன்னார்.

நேயர்களே, மில்ட்டன் பேர்ளுக்கு 30 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்த காலம், கோவாக்ஸின் நாடாவை 30 ஆண்டு வைத்திருக்க மனம் கொள்ளவில்லை. அந்தக் காலத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் இன்றைக்கு எதைக் கேட்டு, பார்த்து, சிரித்துவிட்டு மறக்கிறோம் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம். ஒரு நல்ல கலைஞனின் குரல் எங்கேனும் ஒரு பழைய நாடாவில் சுருண்டு கிடந்தால், அதன்மேல் வேறொன்றைப் பதிவதற்கு முன் ஒருமுறை போட்டுக் கேட்டுப் பாருங்கள். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.