சிரட்டைக்கரியும் நச்சு மருத்துவமும்

அளவுக்கு மிஞ்சிக் குளிசைகளை உட்கொண்ட ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுமிடத்து, நீரிற் கலக்கிய கரிய குழம்பொன்றை அவருக்குப் பருகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதுவே உயிர்ப்பூட்டிய கரி. மணமும் சுவையுமற்ற இப்பொருளின் மருத்துவ வரலாறு வியப்புக்குரியது.

1813இல் பிரான்சிய வேதியியலாளர் பேத்திராண், ஆசனிக்கைக் கரியுடன் கலந்து தாமே உட்கொண்டு உயிர் தப்பினார் என்பர். 1831இல் தூவெரி என்பார், எட்டி மர விதையிலுள்ள கொடிய நஞ்சைக் கரியுடன் சேர்த்து மருத்துவக் கழகத்தார் முன்னிலையில் விழுங்கிக் காட்டினார் என்றும் கூறுவர். இத்தகைய துணிகரக் காட்சிகளை ஆய்வு எனக் கொள்ளல் தகாது. எனினும் கரியின் ஆற்றலை உலகறியச் செய்தவை இவையே. இடையில் மறக்கப்பட்ட இம்முறை, 1963இல் ஓல்ற், ஓல்சு எனும் அமெரிக்க மருத்துவர் இருவர் எழுதிய கட்டுரையின் பின்னரே மீண்டும் மதிப்புப் பெற்றது.

கரி நஞ்சை அழிப்பதில்லை. தன் மேற்பரப்பிற் பற்றிப் பிடித்துக்கொள்கிறது. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். மிகு வெப்பத்தில் நீராவி பாய்ச்சப்பட்ட கரியில் எண்ணிறந்த நுண்துளைகள் தோன்றுவதால், ஒரு கிராம் கரியின் மேற்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீற்றரை எட்டும். அடுப்புக்கரிக்கு இவ்வாற்றல் இல்லை. இரும்பு, இலிதியம், மதுசாரம் முதலியவற்றை உயிர்ப்பூட்டிய கரியும் போதியளவு பற்றுவதில்லை. உயிர்ப்பூட்டிய கரிக்குரிய சிறந்த மூலப்பொருள்களுள் ஒன்று தென்னஞ்சிரட்டை. இலங்கையில் 1973இல் தொடங்கப்பட்ட ஏய்காப் நிறுவனம் சிரட்டைக்கரியிலிருந்து இதனை ஆக்கிப் பிறநாடுகளுக்கு அனுப்பி வருகிறது. சட்டைக்கு மினுக்குப்பெட்டி சூடேற்றிய கரி உலகச் சந்தைக்குரிய பண்டமான கதை தனியே எழுதத்தக்கது.

ஆயினும் கரி உண்மையில் உயிர் காக்கின்றதா என்னும் வினா பெருமளவிற் சோதிக்கப்பட்ட களமும் இலங்கையே என்பது பலர் அறியாதது. அதற்குக் காரணமாய் அமைந்தது மஞ்சள் அலரி. அதன் நஞ்சு இதயத் துடிப்பைக் குலைப்பது. யாழ்ப்பாணத்தில் இந்நஞ்சுக்கு ஆளான 170 பேர் பற்றிச் சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் 1988இல் ஆய்வுரை வெளியிட்டனர். செம்மறியாட்டுக் குருதியிலிருந்து பெறப்பட்ட எதிர்மருந்து பயன் தரும் என்பதைக் கொழும்பில் நடந்த ஆய்வொன்று 2000இல் நிறுவியது. ஆனால் அதன் விலை ஏழை நாடொன்று தாங்கும் விலையன்று. எனவே மலிவான கரியை நோக்கி மருத்துவர் திரும்பினர்.

2003இல் 'லான்செற்' இதழில் வெளிவந்த ஆய்வு நம்பிக்கையூட்டியது. அலரி நஞ்சுண்ட 401 பேருக்கும் முதலில் ஒருமுறை கரி கொடுக்கப்பட்டது. பின்னர் மூன்று நாள் தொடர்ந்து கரி பெற்ற 201 பேரில் ஐவர் இறந்தனர். வெறும் நீர் பெற்ற 200 பேரில் பதினாறு பேர் இறந்தனர். ஐந்தாண்டுகளின் பின் அதே இதழில் வெளிவந்த பேராய்வோ இந்நம்பிக்கையைத் தளர்த்தியது. மூன்று வைத்தியசாலைகளில் 4632 நோயாளர் ஆராயப்பட்டனர். பலமுறை கரி பெற்றோருள் நூற்றுக்கு 6.3, ஒருமுறை பெற்றோருள் 7.1, பெறாதோருள் 6.8 என இறப்பு வீதங்கள் அமைந்தன. கருதத்தக்க வேறுபாடு எதுவுமில்லை.

இம்முடிவை வைத்துக் கரி பயனற்றது என்று கூறுவார் உளர். அது அவசரத் தீர்ப்பாகும். அப்பேராய்வுக்கு உட்பட்டோரிற் பாதிப் பேர் பூச்சிகொல்லி உண்டவர். மூன்றிலொரு பங்கினர்க்கு மேல் அலரி விதை உண்டவர். குளிசை உண்டோர் சிறுபான்மையினரே. அன்றியும், அவருட் பலர் நஞ்சுண்டு சில மணி நேரம் கழிந்த பின்னரே கரி பெற்றனர். நஞ்சு குடலைக் கடந்து குருதியிற் கலந்தபின் கரிக்கு வேலை குறைவு. கரி கொடுத்தற்கு உகந்தது முதல் ஒரு மணி நேரமே என்பது மருத்துவச் சங்கங்கள் 1997இல் வெளியிட்ட கூட்டறிக்கையின் கருத்து. ஈரலைச் சிதைக்கும் பரசிற்றமோல் விடயத்திலும் முந்திக் கொடுத்த கரியே குருதியிற் சேரும் மருந்தின் அளவைக் குறைக்கிறது. மயங்கிய நிலையில் உள்ளவருக்குக் கொடுப்பின் கரி சுவாசப்பைக்குட் புகுந்து கேடு விளைவிக்கும் என்பதையும் மறத்தலாகாது. இரைப்பையைக் கழுவும் பழைய முறையிலும் இவ்விடர் உண்டு. நான்கு வைத்தியசாலைகளில் அடுத்தடுத்து நிகழ்ந்த பதினான்கு கழுவல்களை நேரிற் கண்டு 2007இல் எழுதப்பட்ட ஆய்வு, அவற்றில் நேர்ந்த பெருந்தீங்குகளைப் பதிவு செய்தது.

ஆகவே, வயற்புறங்களிற் பெறப்பட்ட முடிவை அம்பிட்டிய போன்ற ஊருக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. மலைச்சரிவில் அமைந்த அவ்வூரிலிருந்து கண்டி நகரின் பெரிய வைத்தியசாலை சில கல் தொலைவிலேயே உள்ளது. 2004 முதல் தெற்காசிய நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு இயங்கிவரும் பேராதனை மருத்துவ பீடமும் அண்மையில் உண்டு. அங்கே நேரத்தை விழுங்குவது பாதையன்று, வீட்டின் மௌனம். தன்னுயிர் மாய்க்க முயல்வது இலங்கைச் சட்டத்தில் 1998 வரை குற்றமாய் இருந்தது. சட்டம் நீங்கிய பின்னரும் அயலார் அறிவர் என்ற அச்சத்தால், "கொஞ்ச நேரம் பார்ப்போம்" எனக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உள. பரசிற்றமோல் உண்டவர் முதல் நாளிற் பெரும்பாலும் நலமாகவே தோன்றுவார். ஈரலின் சிதைவு பின்னரே வெளிப்படும். அந்தப் பொய்யான அமைதியிலேயே கரிக்குரிய மணித்தியாலம் கழிந்துவிடுகிறது.