தோட்டா மறுநிரப்பல்: தொடக்கநிலைக் கருவிகள்

தோட்டா மறுநிரப்பல் என்பது, சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, அதில் புதிய பிரைமர், எரிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மீண்டும் சுடத்தக்கதாக ஆக்கும் முறை. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் குறிபார்த்துச் சுடுவோரும் வேட்டையாடுவோரும் செலவைக் குறைக்கவும், தம் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவை அமைக்கவும் வீட்டிலேயே இதைச் செய்கின்றனர். இந்தியாவில் உரிமம் இன்றி இதைச் செய்வது குற்றம்.

கூடும் பிரைமரும்

தோட்டாவின் நான்கு உறுப்புகளில் மறுபடி பயன்படுவது கூடு மட்டுமே. பெரும்பாலும் அது 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் நீங்கியதும் சற்றே சுருங்குகிறது. பழைய அளவுக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை.

பிரைமரில் பாக்சர், பெர்டன் என இரு வகைகள் உண்டு. இரண்டும் 1860களில் உருவானவை. பாக்சர் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருப்பதால், ஊசியால் தள்ளிப் பழைய பிரைமரை எளிதில் வெளியேற்றலாம். பெர்டன் கூட்டில் பெரும்பாலும் இரு சிறு துளைகள் பக்கவாட்டில் இருப்பதால் அது கடினம். .22 ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. எனவே அது மறுநிரப்பலுக்கு ஏற்றதன்று.

வரலாறு

1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியெய் புகையில்லா எரிமருந்தை உருவாக்கினார். 1886இல் பிரெஞ்சுப் படை ஏற்ற லெபல் ரைஃபிள் அதைக் கொண்டே சுட்டது. அமெரிக்காவில் ஐடியல் நிறுவனம் 1884 முதல் மறுநிரப்பலுக்கான குறடு வடிவக் கைக்கருவிகளை விற்றது. ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் 1943இலும், லீ நிறுவனத்தின் எளிய கைக்கருவி 1958இலும் தோன்றின.

தொடக்கநிலைக் கருவிகள்

முதன்மைக் கருவி பிரஸ். ஒரு முறை கைப்பிடியை இறக்கினால் ஒரே வேலை நடக்கும் ஒற்றைநிலை பிரஸ்ஸே புதியவருக்கு உகந்தது. ஒவ்வொரு படியையும் தனியாகப் பார்த்துச் சரிசெய்ய அது இடம் தருகிறது. ஒரே இழுப்பில் பல வேலைகளை முடிக்கும் புரொக்ரசிவ் பிரஸ் விரைவானது. ஆனால் ஒரு பிழை அடுத்தடுத்த பல தோட்டாக்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவிடும்.

பிரஸ்ஸில் பொருத்தும் டை, விரிந்த கூட்டை உரிய அளவுக்கு அழுத்துகிறது. குண்டைக் கழுத்தில் இருத்துகிறது. டையும், கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரும் தோட்டாவின் வகைக்குப் பொருந்த வேண்டும். கழுத்து குறுகிய ரைஃபிள் கூட்டுக்கு மசகு பூசாவிட்டால் அது டைக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். சுடச்சுடக் கூடு நீள்வதால், நீளத்தை அளக்கக் காலிப்பரும், மிகுதியை வெட்ட டிரிம்மரும் தேவை.

செலவைச் சுருக்கக் கூடாத கருவி தராசு. எரிமருந்தைக் கிரெயின் கணக்கில் அளக்கின்றனர். ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசும், அதைச் சோதிக்கப் படிக்கற்களும் அவசியம். எரிமருந்து, குண்டு நிறுவனங்கள் வெளியிடும் அச்சுக் கையேடே அளவுக்கு ஆதாரம். செவிவழி அளவுகளை நம்பக் கூடாது. ஒரு நேரத்தில் மேசைமேல் ஒரு வகை எரிமருந்து மட்டுமே இருக்க வேண்டும். கண்ணாடி அணிவதும், நெருப்பை விலக்குவதும், விரிசல் கண்ட கூட்டை எறிவதும் தவிர்க்க முடியாத ஒழுங்குகள். அளவு தவறினால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

இந்தியச் சட்டமும் புதுச்சேரியும்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் புதுச்சேரியில் செல்லவில்லை. விடுதலைப் போராளி வ.வே.சு. ஐயரிடம் அங்குத் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். இன்று புதுச்சேரிக்கும் நாட்டின் பிற பகுதிகளுக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒன்றே.

அதன் 2ஆம் பிரிவு, தோட்டாவின் உறுப்புகளையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் 'வெடிபொருள்' (ammunition) என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. தயாரிப்புக்கு 5ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மீறுவோருக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத் தண்டனை உண்டு. தோட்டா எத்தனை வாங்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்பதும் உரிமத்திலேயே எழுதப்படும்.

நாட்டில் எரிமருந்துத் தயாரிப்பு ஆலைகளின் வேலை. நீலகிரி அருவங்காட்டில் 1904இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை அவற்றுள் மூத்தது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது.

விளையாட்டாகச் சுடப் பழகுவோருக்கு இந்தச் சட்டக் கட்டுப்பாட்டால் இழப்பு குறைவு. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் 10 மீட்டருக்கு ஏர் ரைஃபிளும், 50 மீட்டருக்கு .22 ரைஃபிளும் பயன்படுகின்றன. இரண்டிலும் மறுநிரப்பலுக்கு இடமில்லை. ஆகவே இந்தியாவில் புதிதாகத் தொடங்குபவர் தேட வேண்டியது பிரஸ்ஸை அன்று. நல்ல பயிற்சிக் கழகத்தையும், உரிமம் பெற்ற விற்பனையாளரின் ஆலைத் தோட்டாவையும்தான்.