பந்தயமும் தேய்ந்த ரயரும்

மோட்டார் வண்டி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருமுன்னரே அங்கு பந்தயம் வந்துவிட்டது. கோப்பாய், நீர்வேலி முதலிய செம்மண் கிராமங்களிலே கிணற்று நீர் இறைத்துப் புகையிலையும் மரக்கறியும் விளைவித்த கமக்காரர், ஓய்வு கிடைத்த நாள்களிலும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் மாட்டு வண்டிற் சவாரியில் இறங்கினர். அவர்கள் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். தோட்டம் அவர்தம் சீவனம். சவாரி அவர்தம் பெருமை. ஆகவே ஓட்டத்தில் தேய்ந்த பொருள் எதுவாயினும் அதற்குரிய செலவு அவரவர் மடியிலிருந்தே போயிற்று. சொந்தப் பணத்திற் பந்தயம் ஓடுவோர் எந்நாட்டவராயினும் இந்த நிலைமையிலிருந்து தப்பியதில்லை.

மரச் சில்லைச் சுற்றிப் பூட்டப்பட்ட இரும்பு வளையமே அக்காலத்து ரயர். தச்சர் ஆரக்கால்களையும் வட்டையையும் பொருத்தியபின், கொல்லர் சில்லின் சுற்றளவினும் சற்றுக் குறைந்த வளையமொன்றைச் செய்து நெருப்பிலிட்டுக் காய்ச்சுவர். ஐந்தடி விட்டமுள்ள வளையம் ஏறக்குறைய 500 பாகை செல்சியஸ் சூடேறுமாயின் அதன் சுற்றளவு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவே நீளும். அந்நிலையில் அதனைச் சில்லின்மீது இறக்கித் தண்ணீர் ஊற்ற, வளையம் சுருங்கி மூட்டுகள் யாவற்றையும் இறுகப் பிணைக்கும். வளையம் நிலத்தில் உரைந்து மெலியும். கோடை வெயிலில் மரம் வற்ற, அது தளரவும் செய்யும். தளர்ந்த வளையத்தை எறிந்துவிடுவதில்லை. அதிற் சிறு துண்டை வெட்டி நீக்கி, முனைகளை மீண்டும் காய்ச்சி ஒட்டி, முன்போலவே ஏற்றுவர். மரம் உக்காதிருக்கும்வரை வளையத்தைத் திருத்தலாம். மரம் உக்கிவிட்டால் புதிய வளையமும் பயன்படாது. தேய்ந்த ரயரின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வரும் உண்மை இதுவே. மேற்புறம் தேய்வது ஒன்று. உள்ளுடல் கெடுவது வேறொன்று.

இரும்பின் இடத்தை இறப்பர் பிடித்தது 19ஆம் நூற்றாண்டிலாகும். 1839இல் அமெரிக்கராகிய சாள்ஸ் குட்இயர், கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கிய இறப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் உடையாமலும் நிற்பதைக் கண்டார். 1888இல் பெல்பாஸ்ற் நகரிலே ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த ரயரைச் செய்தார். இதற்கிடையே 1876இல், பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹம் கொணர்ந்த விதைகளில் முளைத்த கன்றுகள் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மழை நிலங்கள் இறப்பர்த் தோட்டங்களாயின. குடாநாட்டின் வறண்ட நிலத்தில் இறப்பர் மரம் வேர்கொள்ளவில்லை; ஆயினும் பருத்தித்துறை வீதியிற் கோப்பாயைக் கடந்து சென்ற வாகனங்களெல்லாம் இறப்பரின்மேலேயே ஓடலாயின.

காற்றடைத்த ரயர் மோட்டார்ப் பந்தயத்தில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது 1895இலாகும். பாரிசிலிருந்து போடோ சென்று திரும்பும், 1,100 கிலோமீற்றரினும் மிக்க அப்பந்தயத்திலே மிஷெலின் சகோதரர்கள் அத்தகைய ரயர் பூட்டிய காரைச் செலுத்தினர். வழிநெடுகக் காற்றுப் போயிற்று. கொண்டுசென்ற குழாய்கள் தீர்ந்தன. அவர்கள் பரிசு பெறவில்லை. ஆனால் ரயரின் பலவீனங்களைப் பந்தயம் ஒரு சில நாள்களிலே வெளிப்படுத்திவிடும் என்பதை உலகம் கண்டுகொண்டது.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மோட்டார்ப் பந்தயம் பெரும்பாலும் பொழுதுபோக்கு ஓட்டுநரின் விளையாட்டாகவே வளர்ந்தது. நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானங்களுக்கென அமைந்த ஓடுபாதைகள் பின்னர் பந்தயத் திடல்களாயின. களுத்துறையை அடுத்த கட்டுகுருந்தையும் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரமும் அத்தகையன. அங்கே ஓடியோரிற் பலருக்குப் பெரிய நிறுவனங்களின் ஆதரவு இல்லை. வெற்றி தோல்வி எதுவாயினும் நான்கு ரயர்களின் தேய்வு நிச்சயம் என்பதை அறிந்தே அவர்கள் களத்தில் இறங்கினர்.

தேய்ந்த ரயருக்கு மதிப்பை ஏற்றியதும் அந்த யுத்தமே. 1942 பெப்ருவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் இறப்பர் முழுவதும் ஜப்பானியர் கைப்பட்டது. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பர் மூலங்களுள் இலங்கையே தலையாயதாயிற்று. அமெரிக்காவில் ரயர் பங்கீடு வந்தது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் இறப்பரையும் பெற்றோலையும் சேமிக்கும்பொருட்டு மோட்டார்ப் பந்தயமே தடைசெய்யப்பட்டது. பழைய ரயரின் தேய்ந்த மேற்பட்டையைச் சுரண்டி நீக்கி, புதிய இறப்பர்ப் பட்டையை ஒட்டி, அச்சிலிட்டுச் சூட்டினால் இறுக்கும் தொழில் எங்கும் பரவியது. கொல்லர் இரும்பு வளையத்துக்குச் செய்த திருத்தத்துக்கு இஃது ஒப்பானது. உள்ளே இருக்கும் நூலடுக்குகள் உறுதியாயின் மேற்பட்டையைப் புதுப்பிக்கலாம் என்பதே இரண்டிற்கும் அடிப்படை.

யுத்தம் முடிந்து பந்தயம் மீண்டபின், ரயரைக் காப்பதும் வேகத்தின் ஒரு பகுதியே என்பதை ஒரு பந்தயம் நிறுவியது. 1950 செப்ரெம்பரிலே தென் கரோலினாவின் டார்லிங்டனில் 500 மைல் ஓட்டத்துக்கு 75 கார்கள் புறப்பட்டன. விரைந்தோடிய கார்களின் ரயர்கள் வரிசையாக வெடித்தன. கைவசமிருந்தவை தீர்ந்தபோது பார்வையாளர் கார்களின் ரயர்களையும் கழற்றினர் என்பர். தகுதிச் சுற்றில் மிகப் பின்தங்கிய ஜோனி மான்ஸ், கடினமான இறப்பராலான ரயர்களைப் பூட்டிய பிளிமத் காரை ஒரே சீராகச் செலுத்தி முதலிடம் பெற்றார்.

ஆயினும் கடினமான இறப்பர் வளைவுகளில் நிலத்தை நன்கு பற்றாது. மென்மையான இறப்பர் நன்கு பற்றும், ஆனால் விரைவில் தேயும். சிறு திடல்களில் ஓடிய எளிய ஓட்டுநருக்கு இந்த முரண்பாடு பெரும் இடராயிற்று. 1957இல் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த பொப் நியூற்றன் என்னும் பந்தய ஓட்டுநர், தம் மனைவி ஜொய்சுடன் சேர்ந்து, வீதிக் கார்களின் பழைய ரயர்களுக்கு மென்மையான மேற்பட்டை ஏற்றத் தொடங்கினார். தேய்ந்த ரயர் மறுபடியும் பந்தயத்துக்கு வந்தது. புதியதினும் நன்றாக ஓடவும் செய்தது. அம்முயற்சியே ‘ஹூசியர்’ என்னும் பந்தய ரயர் நிறுவனமாக வளர்ந்தது.

பொழுதுபோக்கு ஓட்டுநர் அனுபவத்தாற் கண்ட ஏனைய முறைகள் எளியவை. ஒரே திசையிற் சுற்றும் திடலில் வெளிப்பக்க ரயர்களே மிகுதியாகத் தேயும். அவற்றை இடம் மாற்றுவர். ரயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பின், சுழற்சித் திசை குறிக்கப்படாத ரயராயின், அதைச் சில்லிலிருந்து கழற்றித் திருப்பிப் பூட்டுவர். காற்றுக் குறைந்தால் விளிம்புகள் தேய்ந்து உடல் சூடேறும். மிகுந்தால் நடுப்பகுதி தேயும். ஆதலின் காற்றழுத்தத்தை அளந்து வைப்பர். தேய்வைவிட மறைவான பகை சூடு. ஓட்டத்திற் காய்ந்து பின் ஆறும் ஒவ்வொரு முறையும் இறப்பர் சிறிது சிறிதாக இறுகுகின்றது. வெயிலும் காற்றும் அதனை மேலும் முதிர்விக்கின்றன. மேற்பட்டை கனமாக இருந்தும் பிடிப்பற்றுப் போன ரயர்கள் இவ்வாறு உண்டாகின்றன. முதலிற் சில சுற்றுகளை மெதுவாக ஓடி ரயரைப் பதமாகச் சூடேற்றுவதும், பந்தயம் முடிந்தபின் நிழலில் மூடிவைப்பதும் இதனாலேயாம்.

சிக்கனத்தின் அருமையைக் குடாநாடு மற்றொரு வகையிலும் கற்றது. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திலே பெற்றோலும் உதிரிப் பாகங்களும் அரிதாயின. ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலினால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. எறியத்தக்க பொருள் என்று அந்நாளில் எதுவும் இல்லை. அங்கே நீட்டிக்கப்பட்டது வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் போகும் வழி. பந்தய ஓட்டுநர் ஓட்டத்தைக் கைவிட்டு வீடு திரும்பலாம். அம்மக்களுக்கு அந்த உரிமையும் இருக்கவில்லை.

ஆகவே எல்லையை அறிதலும் இக்கலையின் பகுதியேயாகும். மேற்பட்டை தேய்ந்தால் மாற்றலாம். விளிம்பு தேய்ந்தால் திருப்பலாம். ஆனால் நூலடுக்கு வெளித்தெரிந்தாலோ, பக்கச் சுவர் வீங்கினாலோ, வெடிப்பு ஆழ்ந்தாலோ, அதனை மேலும் ஓட்டுவது சிக்கனமன்று. உயிரைப் பணயம் வைப்பதாகும். தட்டிப் பார்த்து, மரம் உக்கிவிட்டது என்று கண்டால் வளையமேற்ற மறுத்த கொல்லரின் தீர்ப்பு இங்கும் பொருந்தும். ஒரு பொருளின் ஆயுளை நீட்டுவோர் அதன் உள்ளுடலை முதலிற் சோதித்தல் வேண்டும். அதன் பின்னரே கையிலுள்ள பணத்தை எண்ணல் வேண்டும்.