ஹிராத் நகரத்து வாளி

நீர் மொள்ளும் வாளியை நாம் கலைப்பொருளாக எண்ணுவதில்லை. பழுதானால் எடைக்குப் போட்டுவிட்டு வேறொன்று வாங்குகிறோம். ஆயின், ருஷ்ய நாட்டின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் ஒரு வாளியைத் தன் பெருஞ்செல்வங்களுள் ஒன்றாகப் போற்றி வருகிறது. ஹிஜ்ரி 559ஆம் ஆண்டு முஹர்ரம் மாதத்தில், அதாவது கி.பி. 1163 டிசம்பரில், இன்றைய ஆப்கானிஸ்தானத்திலுள்ள ஹிராத் நகரில் உருவானது அது. பிற்காலத்தில் அதனை உடைமையாகக் கொண்டிருந்த ருஷ்யப் பிரபுவின் பெயரால் 'போப்ரின்ஸ்கி வாளி' என வழங்குகிறது.

ஏறத்தாழ ஒரு சாண் உயரமே உள்ள வெண்கல வாளி. குளியலறைக்கு உரியது எனப் பலர் கருதுவர். அதன் உடலைச் சுற்றி ஐந்து பட்டைகள். செம்பும் வெள்ளியும் பதித்த வேலைப்பாடு. மூன்று பட்டைகளில் எழுத்து, இரண்டில் சித்திரம். குதிரை வீரர்கள் ஒரு பட்டையில் விரைகிறார்கள். இசைப்போரும் நர்து ஆடுவோரும் மற்றொன்றில் அமர்ந்திருக்கிறார்கள். நடுவே பின்னலிட்ட கூஃபி எழுத்து. மேற்பட்டையில்தான் வியப்பு. அங்கே அரபி எழுத்துகளின் நெடுங்கோடுகள் மேலெழுந்து மனித உருவங்களாக முடிகின்றன. எழுத்து எது, சித்திரம் எது எனப் பிரிக்க இயலாதபடி இரண்டும் ஒன்றாகிவிட்டன. பொறுமையோடு கூட்டிப் படித்தால் கிடைப்பது, உடையவருக்குக் கண்ணியமும் செல்வமும் நல்வாழ்வும் வேண்டும் நல்வாழ்த்து.

இஸ்லாமியக் கலையில் உருவங்களே இல்லை என்போர் உண்டு. இந்த வாளி அக்கூற்றை ஏற்கவில்லை. அதே வேளையில், கலைஞர்கள் வரம்பறியாதவர்களும் அல்லர். இறைமறையை எழுதிய பிரதிகளில் இவ்வகை உருவ எழுத்தை நாம் காண்பதில்லை. வீட்டுப் பாத்திரத்தில், வாழ்த்துச் சொற்களில் மட்டுமே அவர்கள் கற்பனைக்கு இடம் தந்தார்கள். எங்கே எது தகும் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது.

இத்துணைச் சிறப்புடைய பொருள் எந்த சுல்தானுக்காகச் செய்யப்பட்டது? எவருக்காகவும் அன்று. ஸன்ஜான் ஊரைச் சேர்ந்த ரஷீதுத்தீன் அஸீஸி என்னும் வணிகருக்காகச் செய்யப்பட்டது. வணிகர்களின் பெருமை, முஸ்லிம்களின் நம்பிக்கைக்குரியவர், ஹஜ்ஜுக்கும் இரு புனிதத் தலங்களுக்கும் அணியானவர் என்று விளிம்பிலுள்ள எழுத்து அவரைப் புகழ்கிறது. செய்யச் சொன்னவர் அப்துர் ரஹ்மான். வடித்தவர் முஹம்மது இப்னு அப்துல் வாஹித். அணிவேலை செய்தவர் ஹிராத் நகரத்து மஸ்ஊத் இப்னு அஹ்மத். உழைத்த இருவர் பெயரும் உடையவர் பெயரோடு ஒரே விளிம்பில் இடம்பெற்றுள்ளன.

அது அமைதியான காலமும் அன்று. பத்தாண்டுகளுக்கு முன், 1153இல், ஸெல்ஜூக் சுல்தான் ஸன்ஜரை குஸ் இனத்தார் சிறைப்பிடித்தனர், குராஸான் சூறையாடப்பட்டது. அரசு ஆட்டம் கண்டபோதும் ஹிராத்தின் பட்டறைகள் ஓயவில்லை. வணிகரின் ஆதரவு கைவினைஞரைத் தாங்கியது. பின்னர் 1221-22இல் மங்கோலியர் அந்நகரையே அழித்தனர். கோட்டைகள் வீழ்ந்தன, வாளி எஞ்சியது.

மன்னர்களையும் போர்களையும் வரிசையாகச் சொல்வதையே நாம் வரலாறு என்கிறோம். பிள்ளைகளுக்கும் அதையே கற்பிக்கிறோம். தண்ணீர் வாளியில்கூட வாழ்த்தை எழுதி, அதனைச் செய்த கரங்களின் பெயரையும் மறவாது பொறித்த ஒரு சமுதாயத்தின் கதையையும் அவர்களுக்குச் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.